ஆடாத எண்

ரூட்டரின் மின் ஒயரைப் பிடுங்கினேன். அதன் நெற்றியில் எரிந்த நான்கு பச்சை விளக்குகளும் அணைந்தன. பத்து வரை எண்ணி மறுபடி சொருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. முழங்கால் தூசியைத் தட்டக்கூட நேரமில்லாமல் எழுந்து, சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மிஷின்கள், பன்னிரண்டு எண்கள். இரண்டாம் நம்பர் மிஷினில் மட்டும் கண்ணை வைத்தேன். 37.5. பச்சை நிறம்.

மேசை மேல் என் லேப்டாப், செல்போன் இணைப்பில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அதே இரண்டாம் நம்பர்தான். 37.4. 37.5. 37.7. 37.6. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை எண் மாறியது.

சுவரில் 37.5.

"மாறித் தொலையேன்" என்றேன் திரையிடம், சத்தமாகவே.

ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம். ஐந்து. லேப்டாப்பில் எண் ஏறி இறங்கி விளையாடியது. சுவரில் அதே எண், அதே பச்சை, ஆணி அடித்து மாட்டிய போட்டோ மாதிரி. இரண்டாம் நம்பர் மட்டுமல்ல, பன்னிரண்டும் அப்படியே நின்றன.

ஆக, மச்சான் சொன்னது நிஜம். திரைதான் பொய் சொல்லியிருக்கிறது.

மணி மூன்று ஐந்து. நான்கு மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் விசாரணை. விசாரணை என்பது ஒரு மரியாதைக்கு. வேலைநீக்கக் கடிதம் காலையிலேயே டைப் ஆகிவிட்டது. அதில் மச்சான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இது கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம். ஹாலுக்குள் பன்னிரண்டு மிஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அகலம். உள்ளே தட்டுக்கு மேல் தட்டாக நாலாயிரத்து எண்ணூறு முட்டைகள். இருபத்தொரு நாள் தாய்க்கோழி செய்கிற வேலையை மிஷின் செய்கிறது. சூடு முப்பத்தேழரையை ஒட்டியே இருக்க வேண்டும். மூன்று டிகிரி கூடி இரண்டு மணி நேரம் நின்றால், உள்ளே இருப்பதில் எத்தனை பிழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹாலுக்குள் நினைத்தபோது நுழையவும் முடியாது. வெளியிலிருந்து நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் வாசலிலேயே தலைக்குக் குளித்து, உடுத்தியதைக் கழற்றி அவர்கள் தரும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். மிஷினின் சொந்த மணி உள்ளே அடித்தால் வெளியே கேட்காது. அதனால்தான் ஹாலுக்கு வெளியே இந்த கண்ட்ரோல் ரூம், இந்தத் திரை, திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள்.

ஆள் மச்சான். என் அக்கா வீட்டுக்காரர். பதினோரு வருடமாக இங்கேதான். திரையை ஓட்டும் ஸ்கிரிப்ட்டை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, எழுதியவன் நான். "எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான், கம்ப்யூட்டர்ல புலி" என்று முதலாளியம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியவரும் அவரேதான்.

நேற்று மதியம் ஆறாம் நம்பர் மிஷினில் காற்றாடியின் பெல்ட் அறுந்தது. உள்ளே பதினெட்டாம் நாள் முட்டைகள். அந்த வயதில் குஞ்சுகளே ஓட்டுக்குள் இருந்து சூட்டைக் கக்கும். காற்று நின்றால் அவ்வளவுதான். ஒரு மணிக்கு மேல் சூடு ஏறத் தொடங்கியது. மூன்று இருபதுக்கு ஜெனரேட்டர் மாறும்போது கரண்ட் ஒரு கணம் போய் வந்தது. சுவர்த் திரை அணைந்து எரிந்தது. பக்கம் புதிதாகத் திறந்தது. ஆறாம் நம்பர் 40.9, திரை முழுக்கச் சிவப்பு, அலாரம் காதைக் கிழிக்கிறது. அதே கணம் கதவைத் திறந்துகொண்டு முதலாளியம்மா.

நாற்காலியில் மச்சான். மச்சானின் கண்.

பிறவியிலேயே அவருக்கு இடது இமை பாதி மூடித்தான் இருக்கும். இந்த இடத்தில் அவர் பெயரே 'அரைக்கண்'. எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட நடுவில் நிறுத்தி, "கேக்குறீங்களா?" என்பார்கள்.

"இந்த நிமிஷம் வரைக்கும் முப்பத்தேழு புள்ளி ஆறுன்னுதான்மா இருந்துச்சு" என்றாராம். யார் நம்புவார்கள்? தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நம்பாமல் போனதற்கும் நான்தான் காரணம். இன்று காலை முதலாளியம்மா கேட்டதும் இணையத்தில் எண்களைச் சேர்த்து வைக்கும் சர்வரில் இருந்த பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். மிஷின்கள் தங்கள் சிம் கார்டு வழியாக நேராக சர்வருக்கு எண் அனுப்புகின்றன. அது பிசகவே இல்லை. ஒன்று பத்துக்கு 37.9. ஒன்று ஐம்பதுக்கு 38.8. இரண்டு நாற்பதுக்கு 40.2. வரிக்கு வரி மச்சானுக்கு எதிராகச் சாட்சி. அந்தச் சாட்சியை நீட்டியது என் கை.

கண்ட்ரோல் ரூம் கதவு திறந்தது. எலெக்ட்ரீஷியன் தலையை மட்டும் உள்ளே விட்டார். மூன்று தடவை ஷாக் அடித்தும் பிழைத்தவர் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதால் அவர் பெயர் 'ஷாக்'.

"என்ன தம்பி, அந்தப் பெட்டியப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? நேத்துதான் அதுக்குப் புது பிளக் மாத்திவிட்டேன்."

என் கை அப்படியே நின்றது. "நேத்தா? எத்தனை மணிக்குண்ணே?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி. ஒண்ணு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும். ஏன், புகையுதா?"

"இல்ல. அப்ப மச்சான் இங்க இருந்தாரா?"

"இருந்தாரே. நான் குனிஞ்சப்ப டார்ச் பிடிச்சதே அவர்தான். அப்ப முழிப்பாத்தான் இருந்தாரு." ஷாக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கப்புறம்தான் சாஞ்சிருக்கணும். சோத்துக்கப்புறம் ஒரு மப்பு வரும் பாருங்க, ராஜாவையும் விடாது. ஆனா தம்பி, தூங்குனவனக்கூட மன்னிக்கலாம். தூங்கிட்டு, தூங்கலன்னு சாதிக்கிறாரு பாருங்க, அதத்தான் அந்தம்மாவால தாங்க முடியல."

கதவு மூடியது. நான் உட்கார்ந்தேன்.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ரூட்டர் அணைந்து எரிந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் ஆறாம் நம்பரில் சூடு. எல்லாம் பொருந்திவிட்டது.

நடந்தது இதுதான். சாதாரண வலைப்பக்கம் சர்வரிடம் பேசுவது கடைக்காரரிடம் சாமான் வாங்குவது மாதிரி. கேட்டால் கொடுப்பார், கொடுத்தால் முடிந்தது, அடுத்ததற்கு மறுபடி கேட்க வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு எண் வேண்டுமென்றால் அது சரிப்படாது. அதற்குத்தான் வெப்சாக்கெட். பக்கத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் சர்வரின் முகவரியைச் சொல்லி, ஒரே வரியில் ஒரு வெப்சாக்கெட்டைத் திறக்கும். அந்தப் பக்கம் சம்மதித்ததும் நடுவே ஒரு குழாய் போட்ட மாதிரி. அப்புறம் கேட்கவே வேண்டியதில்லை. சர்வர் தன்பாட்டுக்கு எண்ணை ஊற்றிக்கொண்டே இருக்கும். குழாய் திறந்தால் இதைச் செய், செய்தி வந்தால் அதைச் செய், குழாய் மூடினால் இன்னதைச் செய் என்று நாம் எழுதி வைக்கலாம். எழுதி வைத்திருந்தேன். திறந்தால் பச்சை. மூடினால் சிவப்பு, மூன்று விநாடியில் மறுபடி திற.

ஆனால் குழாய் மூடாமலே சாகலாம். நடுவில் இருக்கும் ரூட்டர் அணைந்து எரிந்தால், தன் வழியாக ஓடிய பழைய குழாயை மறந்துவிடும். மறந்ததை யாரிடமும் சொல்லவும் சொல்லாது. சர்வர் ஊற்றுவது வழியிலேயே காணாமல் போகும். இந்தப் பக்கம் ஸ்கிரிப்ட், 'திறந்துதானே இருக்கிறது, அங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை போல' என்று, கடைசியாக வந்த எண்ணைப் பச்சையில் காட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்.

இது தெரியாமல் செய்தேன் என்றால் கொஞ்சமாவது மூச்சு விடலாம். எனக்குத் தெரியும். அதற்கான காவலையும் நானே எழுதியிருந்தேன்.

லேப்டாப்பில் ஸ்கிரிப்ட்டைத் திறந்து கீழே இறங்கினேன். எண்பத்து நான்காவது வரி. 'கடைசி எண் வந்து பத்து விநாடி ஆகிவிட்டால், இந்தத் தொடர்பு செத்தது, திரையைச் சிவப்பாக்கு, புதிதாகத் திற.' அந்த வரியின் தலையில் இரண்டு சாய்கோடுகள். சாய்கோடு போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. இருந்தும் இல்லாத வரி.

போட்டவன் நான்தான். மூன்று மாதத்துக்கு முன், திரையை முதன்முதலாகக் காட்டிய நாளன்று. இணைப்பு சரியில்லாமல் நிமிடத்துக்கு ஒரு தடவை சிவப்பு வந்து வந்து போனது. முதலாளியம்மாவோடு வெளியாட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். "என்னப்பா இது, ஸ்கிரீனா, சிக்னல் விளக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு சாய்கோடு போட்டேன். திரை அமைதியானது. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

போன் அதிர்ந்தது. அக்கா.

"டேய் தம்பி, எங்கடா இருக்க?"

"கண்ட்ரோல் ரூம்லக்கா."

"ஏதாச்சும் கெடைச்சுதா? நேத்துலேர்ந்து மனுஷன் ஒரு வாய் சாப்பிடல. கேட்டா, பசிக்கலங்குறாரு. பதினோரு வருஷமா பசிக்காம இருந்து நான் பாத்ததே இல்ல."

"பாத்துட்டு இருக்கேன்க்கா."

"உன் மிஷின்ல எறும்பு போனாக்கூடப் பதிவாகும்னு பெருமை அடிச்சியேடா. இவர் தூங்கலன்னு அதுல ஒரு வரிகூடவா இல்லாம போச்சு?"

எண்பத்து நான்காவது வரியின் மேல் கர்சரை வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டா வேலையோட இந்த வீட்டையும் விட்டுடணும்" என்றாள். கம்பெனி கொடுத்த வீடு அது. "அதுகூடப் பரவாயில்லடா. பெரியவ வந்து, அப்பா நெஜமாவே தூங்கிட்டாரான்னு கேக்குறா. கூடப் படிக்கிறவங்க கண்ண ஒரு பக்கம் மூடிக் காட்டுறாங்களாம். பத்து வயசுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது, சொல்லு. நீ ஒருத்தன் படிச்சவன் அங்க இருக்கங்குற தைரியத்துலதான் உக்காந்திருக்கேன்."

"வெச்சிடறேன்க்கா."

வைத்த பிறகும் போன் காதிலேயே இருந்தது.

இரண்டே இரண்டு சாய்கோடு. விசையை இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். புதிய ஸ்கிரிப்ட்டை ஏற்றிவிட்டால் திரை இனி என்றைக்கும் நியாயவான். ரூட்டரை ஆயிரம் தடவை பிடுங்கினாலும் பத்தே விநாடியில் சிவப்பு. யார் வந்து சோதித்தாலும் என் வேலை சுத்தம். முதலாளியம்மாவுக்கு இன்னும் மூன்று இடங்களில் இதே மாதிரி பொரிப்பகங்கள். அங்கேயும் என் திரையை வைக்க, விசாரணை முடிந்ததும் ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார். மச்சான் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுவார். நான் ஒரு பேப்பரில்.

இரண்டு தட்டு தட்டினேன். சாய்கோடுகள் போயின. ஏற்றும் பொத்தானின் மேல் விரலை வைத்தேன்.

விரல் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்தேன். சாய்கோடுகளைப் பழையபடி போட்டு, சுவர்த் திரையின் பக்கத்தை மறுபடி திறந்து ஓடவிட்டு, லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன்.

தட்டுகளைக் கழுவும் ஷெட் பின்பக்கம் இருந்தது. ஆறாம் நம்பரிலிருந்து எடுத்த முட்டைகளையெல்லாம் கொட்டுவதற்காக அங்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஜன்னலில் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, ஒரு கை விளக்கோடு மச்சான் குந்தியிருந்தார். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆள் அங்கே இருக்கவே கூடாது.

ஒரு முட்டையை விளக்கின் மேல் வைப்பார். ஓடு உள்ளிருந்து செக்கச் சிவக்கும். நிழல் அசைகிறதா என்று நல்ல கண்ணால் பார்ப்பார். அசையாவிட்டால் இடது பக்கக் கூடை. அசைந்தால் வலது பக்கம், போர்வை விரித்த தட்டு. இடது பக்கக் கூடைகள் ஏழு நிரம்பியிருந்தன. தட்டில் பாதிகூட இல்லை.

"வா மாப்ள. கதவச் சாத்து, வெளிச்சம் வருது." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "இத பாரு, இது என்ன உதை உதைக்குது பாரு. உங்க அக்கா மாதிரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான், ஸ்கிரீன் நின்னுபோயிருக்கு. இப்பதான் சோதிச்சுப் பாத்தேன். ரூட்டர்ல பிளக் மாத்தினப்பவே தொடர்பு செத்துப்போச்சு. நீங்க பாத்தது பழைய எண்."

"அதத்தானே நேத்துலேர்ந்து சொல்றேன்."

"அது நின்னா சிவப்பாகணும். ஆகாம பண்ணது நான். அந்த வரிய நான்தான் நிறுத்தி வெச்சேன், அன்னிக்கு அந்தம்மா சிரிச்சாங்களேன்னு. மறுபடி போடல."

விளக்கின் மேல் இருந்த முட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். இடது பக்கம் போட்டார்.

"சரி" என்றார்.

"சரியா? என்ன மச்சான் சரி? நாலு மணிக்கு வந்து சொல்லப்போறேன்."

"சொல்லி?"

"உங்க மேல தப்பில்லன்னு ஆகும்ல?"

இப்போதுதான் என்னைப் பார்த்தார். "மாப்ள, கணக்குப் போடு. உன்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு? நான். உன் வேலை சரியில்லன்னா அந்தம்மா உன்னை மட்டுமா வெளிய அனுப்பும்? 'உன் மச்சினனக் கொண்டாந்து என் தலையில கட்டினியே'ன்னு என்னையும் சேத்துத்தான். ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா உங்க அக்காவையும் பிள்ளைகளையும் யாரு தூக்குறது? ஒருத்தன் நிக்கணும். நீ நில்லு. உனக்கு வயசிருக்கு, வேலை இருக்கு, ரெண்டு கண்ணும் ஒழுங்கா இருக்கு."

"அதுக்காக நீங்க தூங்கினதா ஊரு பேசணுமா?"

"பொறந்ததுலேர்ந்து பேசிட்டுதான் இருக்கு. புதுசா என்ன?" அடுத்த முட்டையை எடுத்தார். விளக்கில் வைத்துக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னார். "ஸ்கிரீன் கதைய வேணும்னா சொல்லிக்க. மெஷின் கோளாறுன்னு போவட்டும். அந்த இன்னொண்ண மட்டும் வாயத் திறக்காத. அது நீயும் நானும் மட்டும்தான். உங்க அக்காகிட்டகூட நான் சொல்லல."

அந்த இன்னொன்று என்னவென்று எனக்குத் தெரியும். நேற்று மாலையிலிருந்து அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பார்க்கவில்லை என்றாலும் தலையை ஆட்டினேன். நான் கோழை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலாளியம்மாவின் அறையில் பெரிய மேசை. அதன் மேல் என் அச்செடுத்த பேப்பர், டைப் செய்த கடிதம், ஒரு பேனா. சாட்சிக்காக ஷாக் ஓரமாக நின்றார். மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். சட்டையில் ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அறைக்குள்ளும் அதே பன்னிரண்டு எண்கள் ஓடும் சின்னத் திரை ஒன்று உண்டு.

"உக்காரச் சொல்லல. சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார் முதலாளியம்மா. கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "பதினோரு வருஷம். உன் மேல எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு ஒண்ணும் இல்ல. நாலாயிரத்து எண்ணூறு உசுரு. ரெண்டேகால் மணி நேரம். நீ உள்ளதச் சொல்லியிருந்தா, ஒரு மாசம் நிறுத்திட்டு மறுபடி எடுத்திருப்பேன். என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னியே."

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அவர் பொய் சொல்லல."

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை.

நான் பேசவில்லை, செய்து காட்டினேன். லேப்டாப்பை மேசையில் வைத்தேன். சின்னத் திரையின் பக்கத்தையும் புதிதாகத் திறந்து, எண்கள் ஓடுவதைக் காட்டினேன். ஷாக்கை அனுப்பி ரூட்டரை அணைத்து எரியச் செய்தேன். சின்னத் திரையில் எண்கள் உறைந்தன. லேப்டாப்பில் ஓடின. முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிடங்கள் போயின. திரும்பி வந்த ஷாக், "அடப்பாவி, அப்ப என் பிளக்குதானா!" என்று தலையில் கை வைத்தார்.

"பிளக்கு இல்லண்ணே. நான்." எண்பத்து நான்காவது வரியைக் காட்டினேன். இரண்டு சாய்கோடுகளைக் காட்டினேன். எப்போது போட்டேன், ஏன் போட்டேன், ஏன் எடுக்கவில்லை, எல்லாம் சொன்னேன்.



"சரி" என்றார் முதலாளியம்மா கடைசியாக. "ஸ்கிரீன் பொய் சொல்லிச்சு. ஒத்துக்கறேன். மூணு இடத்து வேலைய உன்கிட்ட கொடுக்க இருந்தேன். அது இனி இல்ல, உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்மா."

"ஆனா ஒண்ணு கேக்கறேன்." பேனாவை எடுத்து சின்னத் திரையைத் தட்டினார். "இங்க பாரு. ஆறு நிமிஷமா நிக்குது. நான் வெறுமனே பாத்துட்டிருக்கேன், எனக்கே உறுத்துது. பன்னெண்டு எண்ணும் ஒண்ணுகூட ஆடல. இவன் பதினோரு வருஷம் முட்டையோட இருந்தவன். எண் எப்படி ஆடும், எந்த மிஷின் எப்ப முக்கும்னு தூக்கத்துலகூடச் சொல்லுவான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல பன்னெண்டு எண்ணும் செத்துக் கெடந்திருக்கு. முழிச்சிருந்தவன் கண்ணுக்கு அது தெரியாமயா போகும்?"

ஸ்கிரீனைச் சொன்னால் மச்சான் தப்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். முடிச்சு அவிழவில்லை, இன்னும் இறுகியிருந்தது.

"சொல்லுய்யா" என்றார் மச்சானிடம். "எண் ஆடலன்னு உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா? தெரிஞ்சிருந்தா ஏன் உள்ள போய்ப் பாக்கல? தெரியலன்னா, தூங்கினியா?"

மச்சான் மேசையைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு, நேற்றிலிருந்து சொல்ல மறுத்த ஒன்றை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"தூங்கிட்டேன்மா."

பேனாவுக்குக் கையை நீட்டினார். முதலாளியம்மா கொடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"அவர் தூங்கலம்மா."

"மாப்ள" என்றார் மச்சான், தாழ்ந்த குரலில். "வேணாம்."

"எண் ஆடலன்னு அவருக்குக் கால் மணி நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு பத்துக்கு எனக்கு போன் பண்ணார். 'பன்னெண்டும் அசையவே மாட்டேங்குது மாப்ள, எனக்குச் சரியாப் படல, குளிச்சிட்டு உள்ள போய்த் தெர்மாமீட்டரப் பாத்துட்டு வரவா'ன்னு கேட்டார். அப்ப ஆறாம் நம்பர் வெறும் முப்பத்தேழு புள்ளி ஒன்பது. உள்ள போயிருந்தா ஒரு முட்டைகூடப் போயிருக்காது. நான்தான் வேணாம்னேன். 'நான் இப்பதான் இங்கேர்ந்து பாத்தேன் மச்சான், தொடர்பு திறந்துதான் இருக்கு, எண்ணெல்லாம் சரி, நீங்க இடத்த விட்டு நகராதீங்க'ன்னேன். நான் சொன்னதால உக்காந்திருந்தார்."

மச்சானின் கையில் இருந்த பேனா கடிதத்தின் மேல் நின்றது. முதலாளியம்மா என்னையே பார்த்தார்.

"நீ பாத்தப்ப தொடர்பு திறந்திருந்துதா?"

"நான் பாக்கலம்மா" என்றேன். "லேப்டாப்பத் திறக்கவே இல்ல. சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தேன். அவர் போன்தான் என்னை எழுப்புச்சு. எந்திரிக்கச் சோம்பேறித்தனம், பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். நேத்து மத்தியானம் தூங்கினது நான்மா."